தானாக அடிக்கும் ஹாரன்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. இன்றைக்கு ஒரே வேலை, காரைத் தலைமுழுகுவது.

ஐப்பசி மழையில் ரயில்வே சுரங்கப்பாதைத் தண்ணீரில் ஸ்டீயரிங் முங்க நின்ற வண்டி. டோட்டல் லாஸ். வண்டிக்கு மிச்சம் என்ன பெறுமோ அதைக் கழித்துக்கொண்டு இன்சூரன்ஸ்காரர்கள் பணம் கொடுத்துவிட்டார்கள். வண்டியை நீங்களே விற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லியாயிற்று. ஒர்க் ஷாப்காரர் விடாமல் போன். இடத்தை அடைக்கிறதாம்.

பெண்டாட்டி ராணியின் தம்பி முருகேசன் கூட வந்தான். மதுரையில் பழைய வண்டி உடைக்கிற புரோக்கர் ஒருத்தரைத் தெரியுமாம். காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். வாங்குகிறவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. "அங்கன போயி எழுதிக்கிடுவாக அத்தான்" என்றான்.

வெளியே ஒரு கீறல் கிடையாது. கழுவி விட்டதும் கல்யாண வண்டி மாதிரி நின்றது. கண்ணாடியை இறக்க மெக்கானிக் பேட்டரியை மாட்டினார். அவ்வளவுதான், ஹாரன் தானாகப் பிடித்துக்கொண்டது. யாரும் தொடவில்லை. குனிந்து பார்த்தேன், டேஷ்போர்டுக்கு அடியில் நீலமாக ஒரு பொறி. வயரைப் பிடுங்கிய பிறகுதான் நின்றது.

மெக்கானிக்: "தண்ணி வயரிங்குக்குள்ள போயி பச்சைக் களிம்பு பூத்துருச்சு சார். எங்கன உரசுதுன்னே கண்டுபிடிக்க முடியல. ஹாரன் தானா அடிச்சா உள்ள பொறி தட்டுதுன்னு வச்சுக்கோங்க. இடது பக்க முன் கதவும் உள்ள இருந்து திறக்காது. இது ஓட்டுற வண்டி இல்ல, உடைக்கிற வண்டி."

முருகேசன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டாசுக் கம்பெனி போர்மேனிடம் பொறி என்று சொன்னால் அன்றைக்குச் சோறு இறங்காது.

பின் கண்ணாடியில் 'மதுமிதா' ஸ்டிக்கர். சுரண்டி எடுக்கப் போனேன். போனில் இருந்த ராணி, "பிள்ள பேர நகத்தால சுரண்டாதீக, நல்லால்ல" என்றாள். விட்டுவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

கார் இல்லை, பஸ். சிவகாசி வரை நின்றுகொண்டே. அங்கிருந்து கம்பெனி வேன். இடுப்பு போச்சு.

கேட்டில் பிடித்தவை: தீப்பெட்டி, இரண்டு செல்போன், ஆணி அடித்த செருப்பு ஒரு சோடி. செருப்புக்காரர் சண்டைக்கு வந்தார். "ஒத்த ஆணிக்கா சார் திருப்பி அனுப்புறீக?" தரையில் உரசிப் பொறி பறக்க ஒத்த ஆணி போதும் என்றேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு 'ஆணி போர்மேன்' என்று பெயராம். இருந்துவிட்டுப் போகட்டும்.

திரி ரூமில் புதுக் கட்டுகள். கருந்திரி, வெடிக்கு வைக்கிற மருந்துத் திரி. நம் கம்பெனிச் சரக்கு இல்லை. நூல் முரடு, மருந்து ஒரு இடத்தில் அப்பி, ஒரு இடத்தில் இல்லாமல். நீலப் பிளாஸ்டிக் கயிற்றில் கட்டியிருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் யாரோ வீட்டில் வைத்து உருட்டியது, பார்த்தாலே தெரிகிறது.

மேனேஜரிடம் கேட்டேன். "ஆர்டர் கழுத்த நெரிக்குது. கண்டுக்காதீக, கையெழுத்த மட்டும் போடுங்க."

போடவில்லை. நாளைக்கும் கேட்பார். ஏதாவது ஆனால் போலீஸ் முதலில் தேடுவது போர்மேனை. முதலாளிக்கு அன்றைக்கென்று பார்த்து நெஞ்சுவலி வந்து மதுரையில் படுத்துவிடுவார். இது இங்கே எல்லாருக்கும் தெரிந்த நாடகம்தான்.

மார்ச் 8, ஞாயிறு

ஆட்டுக்கறி, சின்ன வெங்காயம், கேஸ் புக் பண்ண (மறந்தாச்சு).

சாப்பிட்டுக் கண் அசந்த நேரம் போனில் மெசேஜ். சாத்தூர் பக்கத்து டோல்கேட்டில் பாஸ்டேக்கில் பணம் பிடித்திருக்கிறது. என் வண்டி நம்பர்.

கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பப் படித்தேன். என் வண்டிதான்.

முருகேசனுக்குப் போன். "புரோக்கர் ஓட்டிப் பாத்திருப்பான் அத்தான். இதுக்கா பதறுதீக?" மதுரைக்காரன் தெற்கே சாத்தூருக்கு வந்தா ஓட்டிப் பார்ப்பான்? கேட்பதற்குள் வைத்துவிட்டான்.

கோவையிலிருந்து மதுமிதா. காலேஜில் பரீட்சையாம். விஷயத்தைச் சொன்னேன். "அந்த டேக்க உடனே கேன்சல் பண்ணுங்கப்பா." பண்ணவில்லை. பண்ணிவிட்டால் அது எங்கே போகிறது என்பதும் தெரியாமல் போய்விடும்.

மார்ச் 10, செவ்வாய்

மறுபடி மெசேஜ். போக ஒன்று, வர ஒன்று.

ராணியிடம் காட்டினேன். பார்க்காமலே "சரியாயிரும், விடுங்க" என்றாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பதில் வந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 11, புதன்

அரை நாள் லீவு. சூலக்கரை ஆர்.டி.ஓ. ஆபீஸ். ஆர்.சி.யை ரத்து செய்ய என்ன வழி என்று கேட்கப் போனேன்.

கிளார்க் அம்மா நல்ல மாதிரி. பொறுமையாகக் கேட்டார். "உடைச்சாச்சுன்னா சேஸிஸ் நம்பர் வெட்டுன தகட்டோட வாங்க. வித்தாச்சுன்னா வாங்குனவர் விவரத்தோட வாங்க. வண்டி இப்ப எங்க இருக்கு?"

தெரியவில்லை என்றேன்.

"யாருகிட்ட இருக்கு?"

அதுவும் தெரியவில்லை. பின்னால் நின்றவர் சிரித்துவிட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை. "அது வரைக்கும் உங்க பேர்லதான் சார் ஓடும். அது செய்ற எல்லாத்துக்கும் நீங்கதான்" என்றார். வேண்டுமானால் போலீஸில் எழுதிக் கொடுங்கள் என்று வழியும் சொன்னார்.

ஸ்டேஷன் வாசல் வரை போனேன். முருகேசன் பெயரைச் சொல்ல வேண்டிவருமே என்று திரும்பிவிட்டேன். டீ குடித்தேன். வாயில் ருசியே இல்லை.

மார்ச் 13, வெள்ளி

காற்றே இல்லை. மருந்து கலக்கிற ரூம் பக்கம் போனால் தொண்டை அடைக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் பேச்சியம்மா வந்தாள். திரி வெட்டுகிற ரூமில் வேலை, எம். புதுப்பட்டிக்காரி. முருகேசன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் குடியிருக்கிறாள்.

"சார், உங்க காரு எங்க ஊர்லயா நிக்கிது? மச்சினருக்கே குடுத்துட்டீகளா?"

எந்தக் கார் என்றேன், தெரியாதவன் மாதிரி.

"பின்னாடி மதுமிதான்னு எழுதியிருக்குமே, அதான். தார்ப்பாய மூடிக் கெடக்கு. ஆளே இல்லாம ஹாரன் அடிக்குது சார், சின்னதுக எல்லாம் பேய்க்காருன்னு சுத்தி நின்னு கூத்தடிக்குதுக."

கையில் பிசைந்த சோறு அப்படியே.

மார்ச் 14, சனி

மத்தியானம் எம். புதுப்பட்டி. சொல்லாமல் போனேன்.

முருகேசன் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் என் கார். மகள் பெயர் பளிச்சென்று. டிக்கியைத் திறந்தேன். கருந்திரிக் கட்டுகள். நீலக் கயிறு.

என் திரி ரூமில் கிடக்கிற அதே கயிறு.

வீட்டுக்குள் அதைவிட மோசம். கொடி கட்டி, துணி காயப்போடுகிற மாதிரி திரி காய்கிறது. அதற்குக் கீழே அவன் சின்ன மகள் உட்கார்ந்து வீட்டுப்பாடம். முருகேசன் பெண்டாட்டி என்னைப் பார்த்ததும் அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"ஏலே, மூளை இருக்கா உனக்கு?"

"வேல பாத்த கம்பெனிக்கு சீல் வச்சு எம்புட்டு நாளாச்சு அத்தான். வேற என்னத்தச் செய்ய? உங்க கம்பெனி மேனேஜருதான் கேக்காக. சாத்தூர் பக்கமும் குடுக்கேன்."

"இந்த வண்டியிலயா?"

"வண்டி நல்லாத்தான் ஓடுது. வீட்டுக்காரிய முன்னாடி உக்கார வச்சுக்கிடுவேன். பொம்பள ஆளு இருந்தா போலீசு மறிக்க மாட்டாக. அந்த ஹாரன்தான் தொல்ல. இன்னிக்கே கழத்திப் போட்டுருதேன்."

"கழத்தாதல. இந்த வண்டியில உண்மைய சொல்றது அது ஒண்ணுதான். தானா அடிச்சா உள்ள பொறி தட்டுதுன்னு அர்த்தம். சாவியத் தொடாத, எறங்கி ஓடிரு. கேக்குதா?"

"கேக்கு."

எல்லாவற்றையும் தண்ணீரில் முக்கு என்றேன். குடத்தை நானே தூக்கினேன். அவன் பெண்டாட்டி ஓடிவந்து காலைப் பிடித்தாள். "அட்வான்ஸ் வாங்கித் தின்னாச்சுண்ணே. மேனேஜர் ஆள் விட்டு அடிப்பாரு." சின்னவள் பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

குடத்தை இறக்கி வைத்துவிட்டேன்.

பேசி முடிவானது: செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் ஒரே லோடாக எங்கள் கம்பெனிப் பின் கேட்டுக்குக் கொண்டுவருவது. அதோடு நிறுத்துவது. அன்றைக்கே காரை உடைக்கக் கொடுப்பது. பெண்டாட்டி பிள்ளைகளைக் காரில் ஏற்றக் கூடாது. தலைமேல் அடித்துச் சத்தியம் பண்ணினான். ஒற்றை ஆணிக்கு ஆளைத் திருப்பி அனுப்புகிறவன் நான். இவனுக்கு மூன்று நாள் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

ராணிக்கு எல்லாம் தெரியும். முதல் நாளிலிருந்தே. மதுரைப் புரோக்கர் என்று ஒருத்தர் கிடையவே கிடையாது.

"எனக்கு இருக்குறது ஒத்தத் தம்பி. ஸ்டேஷனுக்குப் போனீகன்னா நான் உங்களோட இருக்க மாட்டேன்."

"செத்தா மட்டும் இருப்பானா?"

தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனாள். நானும் சாப்பிடவில்லை. வைத்த குழம்பு வீண்.

நனைத்திருக்க வேண்டும். ஒரு குடம் போதும். படுத்தால் அந்தக் கொடிதான் கண்ணுக்குள். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது. மழைக்கு வாய்ப்பே இல்லையாம், ரேடியோவில்.

ராணி தானாகப் பேசினாள். நாளைக்குக் காலை பஸ்ஸில் புதுப்பட்டி போய், தம்பி பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் இங்கே கூட்டிவந்துவிடுகிறாளாம். லோடு ஏற்றுகிற நேரம் அதுகள் அங்கே இருக்க வேண்டாம். நல்ல யோசனை. சொன்னேன். பத்து நாளைக்குப் பிறகு வீட்டில் ஒரு காபி ஒழுங்காகக் கிடைத்தது.

மார்ச் 17, செவ்வாய்

கம்பெனி ஆபீஸ் ரூம். டைரியைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். எழுதிக்கொண்டிருந்தால் நேரம் நகர்கிறது.

ராணி விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டாள். நல்ல சேலை, தலையில் பூ. பஸ்ஸில் போக எதற்கு இத்தனை அலங்காரம் என்று கேலி பண்ணினேன். சிரித்தாள்.

பின் கேட்டுக்குப் பக்கத்து ரூம்களில் இருக்கிற பெண்களை முன்பக்க மரத்தடிக்குச் சாப்பிடப் போகச் சொன்னேன். "இன்னும் பசிக்கவே இல்ல சார்." பசிக்கும், போங்க என்று அதட்டினேன். பேச்சியம்மா மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லாரையும் கூட்டிப் போனாள். மேனேஜர் முறைக்கிறார். லோடு வந்ததும் முதல் வேலை தண்ணீர் ஊற்றுவது. அவர் என்ன வேண்டுமானாலும் பண்ணிக்கொள்ளட்டும். சாயங்காலம் ஸ்டேஷன். முடிவு பண்ணிவிட்டேன்.

ஆபீஸ் போன். முருகேசன். "பக்கத்துல வந்துட்டோம் அத்தான்."

வந்துட்டோமா? யாரெல்லாம்?

"அக்கா முன்னாடி உக்காந்துருக்கு. பிள்ளைகள பஸ் ஏத்தி விட்டாச்சு. பொம்பள ஆளு இல்லாம வந்தா மறிச்சுருவாகன்னு அக்காதான் நானே வாரேன்னு..."

இறக்கி விடுறா என்று கத்தினேன். லைன் இல்லை. திரும்ப அடித்தேன். மணி போகிறது. எடுக்கவில்லை. ராணிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. ஓட்டும்போது பேசாதே என்று அவனுக்குச் சொன்னதும் நான்தான்.

எந்த வழியாக வருகிறார்கள் என்று தெரியாது. ரோட்டுக்கு ஓடினால் போனை யார் எடுப்பது? வாட்ச்மேனைச் சைக்கிளில் விரட்டியிருக்கிறேன். போன் என் முன்னால். அடிக்கவில்லை.

ஹாரன்.

புதுப்பட்டி ரோட்டுப் பக்கம். வளைவுக்கு அந்தப்புறம். விட்டுவிட்டு இல்லை, ஒரே மூச்சாக. மரத்தடியில் பெண்கள் சிரிக்கிறார்கள்.

அடிக்கட்டும். அடித்தால் இறங்கி ஓடச் சொல்லியிருக்கிறேன். அவன் இறங்கிவிடுவான். அவனிடம் சொல்லியிருக்கிறேன். ராணியிடம் சொல்லவில்லை. அவள் பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து திறக்காது.

ஹாரன் நின்றுவிட்டது.