பிஸ்டலில் நிற்காத மகசீன்

வெள்ளவத்தை,
14 செப்டெம்பர் 2025

அன்புள்ள கார்த்தி,

சுகமா? அங்கே குளிர் தொடங்கிவிட்டதா? தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்றபடியால் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுதுகிறேன். வேலை முடிந்ததும் ஆறுதலாக வாசியுங்கோ.

கலை இயக்குநர் என்று என் பெயர் வரப்போகிற முதல் படம் இது. இன்றைக்கு நடந்ததை நினைத்தால் அழுகையும் வருது, சிரிப்பும் வருது. கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டை ஐம்பதுகளின் வீடாக மாற்றி வைத்திருக்கிறோம். இன்றைய காட்சியில் அண்ணன் தம்பியை நோக்கிப் பிஸ்டலை நீட்டி விசையை இழுக்க வேண்டும். வெறும் 'கிளிக்'. பிறகு தோட்டா நிரப்புகிற மகசீனைக் கழற்றி மேசையில் வைத்து, "தோட்டா போடேல்லையடா" என்று சொல்லி உடைந்துபோக வேண்டும். படத்தின் உயிரே அந்த இடம்தான்.

அண்ணனாக நடிக்கிறவர் நீட்டினார். மகசீன் தானாகவே கழன்று 'டொக்' என்று நிலத்தில் விழுந்தது! தம்பியாக நடிக்கிறவன் சிரிப்பை அடக்க முடியாமல் முற்றத்துக்கு ஓடிவிட்டான். திரும்பவும் செருகிக் கொடுத்தேன். இப்போது விழவில்லை, ஆனால் விசை அசையவே மாட்டேன் என்றது. டிரெக்டர் ஸியாம் தலையில் கை வைத்துக்கொண்டு, "அக்கா, ஒரு துவக்குக்கு ரெண்டு பழுதா?" என்றான்.

பிஸ்டல் உண்மையான பழசு, பெல்ஜியத்தில் செய்தது. குழாயை அடைத்துச் சுட முடியாதபடி ஆக்கியிருக்கிறார்கள். அனுமதி எடுத்துத்தான் வாடகைக்குக் கொண்டுவந்தோம். அதற்குக் காவலாக ஒரு பொலிஸ் சார்ஜன் கதிரை போட்டு இருக்கிறார். அது பிறந்த ஊருக்குப் பக்கத்தில்தானே நீங்கள் இருக்கிறீர்கள்? படங்கள் அனுப்புகிறேன். யாரையாவது கேட்டுப் பாருங்கோ.

உங்கள் நிரு


லியேஜ்,
22 செப்டெம்பர்

அன்பு நிரு,

பழுது இரண்டு இல்லை, ஒன்றுதான்!

நேற்று ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய துவக்குகள் சேர்க்கிற ஒரு கிழவரைப் பிடித்தேன். உம்முடைய படங்களைக் காட்டியதும், விற்க வைத்திருந்த சாமான்களை அப்படியே விட்டுவிட்டு என்னைத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். இந்தப் பிஸ்டலில் அக்காவும் தங்கையும் மாதிரி இரண்டு மாடல்கள் இருக்கின்றனவாம். 1910இல் வந்தது கட்டை. 1922இல் வந்ததற்குப் பிடி நீளம், மகசீனும் நீளம். உம்மிடம் இருப்பது 1910 பிஸ்டல், அதற்குள் இருப்பது 22இன் மகசீன்! அடியில் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்குதா, பாரும். பிடியின் அடியில் உள்ள கொளுவி அதைப் பிடிக்காது. அதுதான் விழுந்தது.

அடுத்ததைக் கேளும். மகசீன் சரியாக உட்காராவிட்டால் இந்தப் பிஸ்டலில் விசை வேலை செய்யாது. தவறுதலாக வெடித்துவிடக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். அதுதான் உம்முடைய 'கிளிக்' கேட்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது தனியே சிரித்துக்கொண்டு வந்தேன்.

இன்னொரு விஷயம். இரண்டு அறை வீடு ஒன்று பார்த்திருக்கிறேன். சமைக்கும்போதே குசினி ஜன்னலால் ஆறு தெரியும். மனைவி விசாவுக்கு உம்மை நேரில் வரச்சொன்னது ஒக்டோபர் 17தானே?

அன்புடன்,
கார்த்தி


வெள்ளவத்தை,
25 செப்டெம்பர்

அன்புள்ள கார்த்தி,

நீட்டிக்கொண்டுதான் நிற்குது! பழைய மாடல் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நீங்கள் எழுதியதை ஷூட்டிங்கில் சத்தமாக வாசித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். உடனே ஸியாம், "அப்ப நீளத்தை வெட்டுவம்" என்று அரத்தை எடுத்துவிட்டான். சார்ஜன் கதிரையால் பாய்ந்து எழும்பி, "எப்பா மிஸ், எப்பா!" என்று சிங்களத்தில் வேண்டாம் வேண்டாமெனக் கத்தி, பிஸ்டலைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வந்தபடியே திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள் அல்லவா?

சரியான மகசீனைத் தபாலில் அனுப்பவும் கூடாது, அது துவக்கின் பாகம். வெறும் தகரக்கூடு ஒன்று செய்து போட்டால் என்ன? சார்ஜன் மேலிடத்தில் கேட்டு, ஓம் என்று சொல்லிவிட்டார். கொலன்னாவையில் லேத் வைத்திருக்கிற புஷ்பராஜிடம் போனனான். "அளவைத் தாங்கோ, செய்து தாறன்" என்றார். கிழவரிடம் கேட்டு அளவெடுத்து அனுப்புவீர்களா? பிஸ்டலின் அனுமதி அடுத்த மாதம் முடிகிறது.

ஓம், விசாவுக்குப் பதினேழுதான்.

உங்கள் நிரு


லியேஜ்,
5 ஒக்டோபர்

அன்பு நிரு,

வரைபடம் இணைத்திருக்கிறேன். தொழிற்சாலையில் அளவெடுக்கிற வேணியரை இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு போய், கிழவரின் குசினி மேசையில் வைத்து அளந்தேன். கொளுவி பிடிக்கிற அடித்தட்டின் விளிம்பைத்தான் புஷ்பராஜ் கவனமாகச் செய்ய வேண்டும். அங்கே பிழைத்தால் திரும்பவும் 'டொக்'தான்.

உம்முடைய கடிதங்களை நான் மொழிபெயர்த்து வாசித்துக் காட்ட, கிழவர் சார்ஜனின் விசிறியாகிவிட்டார். நீரும் நானும் இப்படி ஒரே விஷயத்துக்காகப் பறந்து திரிந்து எவ்வளவு காலம், நிரு! நான் இங்கே வந்தபிறகு சாப்பிட்டீரா, காசு வந்ததா என்பதைத் தவிர வேறென்ன கதைத்தோம்?

வீட்டுக்காரியிடம் மாதக் கடைசியில் முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். விசாவுக்குப் போய் வந்ததும் எழுதும்.

அன்புடன்,
கார்த்தி


வெள்ளவத்தை,
18 ஒக்டோபர்

அன்புள்ள கார்த்தி,

கிளிக்! கேட்டுதா உங்களுக்கு? லியேஜ் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும்!

புஷ்பராஜ் செய்த கூடு முதல் தரமே உள்ளே போய் நின்றது. குலுக்கினோம், கவிழ்த்தோம், விழவில்லை. கமெரா ஓடத் தொடங்கியது. விசை இழுபட்டது, கிளிக். கொளுவியைப் பின்னால் தள்ளினார், மகசீன் வழுக்கிக்கொண்டு கைக்குள் வந்தது. மேசையில் வைத்தார். "தோட்டா போடேல்லையடா." ஸியாம் கட் சொல்ல மறந்துபோனான். சார்ஜன் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைக்கிறார், அவருக்குத் தமிழில் ஒரு வசனமும் விளங்காது!

இதெல்லாம் நேற்று நடந்தது, கார்த்தி. பதினேழாம் திகதி.

பிஸ்டலின் அனுமதி நேற்றோடு முடிந்தது. ஆனால் அதைச் சாட்டாகச் சொல்ல மாட்டேன். ஸியாம், "நீங்கள் விசாவுக்குப் போங்கோ அக்கா, நாங்கள் பார்க்கிறம்" என்றுதான் சொன்னான். வாசலில் ஓட்டோவும் வந்து நின்றது. நான்தான் திருப்பி அனுப்பிவிட்டேன். விசாவுக்கு இன்னொரு நாள் கேட்டால் தருவார்களாம். நான் கேட்கவில்லை.

உங்களோடு இருக்க விருப்பம் இல்லாமல் இல்லை. அந்த வீட்டுக்குள் என்னை வைத்துப் பார்க்கத்தான் முடியவில்லை. கோபித்தாலும் பதில் போடுங்கோ.

நிரு


லியேஜ்,
27 ஒக்டோபர்

அன்பு நிரு,

கோபம் வந்தது. அதனால்தான் இவ்வளவு நாள் எழுதவில்லை. இரண்டு தரம் எழுதி அழித்தேன்.

கிழவரிடம் கிளிக் கேட்டதை மட்டும் சொன்னேன். மனுசன் எழும்பி என்னைக் கட்டிப்பிடித்துவிட்டார். அவர் தோளுக்கு மேலால் நான் அழுதது ஏன் என்று அவருக்குத் தெரியாது. சந்தோஷம் என்றுதான் நினைத்திருப்பார். பாதி அதுவும்தான்.

வீட்டுக்காரியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு ஆளுக்கு அது பெரிய வீடு.

இனி உம்மை வாரும் என்று கேட்க மாட்டேன். நான் அங்கே வந்துவிடுவேன் என்றும் இப்போது சொல்லத் தெரியவில்லை. எனக்கும் இங்கே ஒரு வேலை பிடித்துப்போயிருக்கிறது. டிசம்பருக்கு லீவு கேட்டேன், தந்துவிட்டார்கள். கொழும்புக்கு வருகிற டிக்கெட்டை இன்று போட்டேன். திரும்புகிற டிக்கெட் போடவில்லை. அதை நாங்கள் இரண்டு பேருமாக இருந்து கதைத்துப் போடுவோம். ஒன்றோ, இரண்டோ, ஒன்றும் இல்லையோ.

அதுவரைக்கும், அந்தக் காட்சி வெட்டித் தொகுத்ததும் எனக்கு முதலில் அனுப்பும். கிழவர் தினமும் கேட்கிறார். நானும்தான்.

உம்முடைய,
கார்த்தி