குடிக்காமல் சொன்ன ஊர்

அன்புள்ள யோகேஸ்வரிக்கு,

நீயும் பிள்ளையும் சுகம்தானே? முழங்கால் வலி குறைந்ததா? நான் நல்ல சுகம்.

வெள்ளவத்தை ஹோட்டலில் கிளாஸ் கழுவும் என்னை வைன் பரிமாற எடுக்கலாமா என்று செவ்வாய்க்கிழமை சோதித்தார்கள். அதற்கு வைன் திராட்சை விளையும் நாடுகள் தெரிய வேண்டும். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், ஆஸ்திரேலியா, சிலி எல்லாம் படத்தில் முன்பே காட்டி, எங்கே குளிர், எங்கே வெயில் என்றும் சொல்லியிருந்தார்கள். இந்தச் சிலி முருங்கைக்காய் மாதிரி நீண்டு கிடக்கிறது. அது கிடக்கட்டும்.

மேனேஜர் தில்லைநாதன் ஐயா இரண்டு கிளாஸ் வைன் வைத்தார். திராட்சை ஒன்று, நாடு இரண்டு.

"எது எந்த நாடெண்டு குடிச்சுப் பார்த்துச் சொல்லும்."

உன் அப்பாவைக் குடி கொண்டுபோன பிறகு கோயிலில் உனக்குச் செய்து தந்த சத்தியம் ஞாபகம் வந்தது.

"குடிக்க மாட்டேங்க ஐயா. மோந்து பாத்து சொல்றேன்."

"தண்ணியில இறங்காமல் நீந்தப் போறீரோ?" என்று சிரித்தார்.

ஒன்றில் லேசான மிளகு வாசம். மற்றதில் நன்றாகப் பழுத்த வாசம். நம் தேயிலைத் தோட்டத்தில் மலை உச்சிக் கொழுந்தும் அடிவாரக் கொழுந்தும் ஒரே செடிதான், தேத்தண்ணி வாசம் மட்டும் வேறு. அதை நினைத்துக்கொண்டேன்.

"இது குளிர் மலைங்க, பிரான்சு. அது வெயில் மண்ணு, ஆஸ்திரேலியா."

"ஓம், சரி. திங்கக்கிழமை வெள்ளைச் சேட்டு போட்டுக்கொண்டு வாரும்."

ஆகவே சத்தியம் அப்படியே இருக்கிறது, பயப்படாதே. என் கல்யாண வெள்ளைச் சட்டையை பஸ்ஸில் கொடுத்தனுப்பு. வேலைக்கு நேரமாகிவிட்டது. சட்டைக்குள் வீட்டுத் தேயிலைத்தூள் ஒரு கைப்பிடி சுற்றி வை. இங்கே கடைத்தூளை எத்தனை தரம் மோந்தாலும் எந்த மலை என்று தெரியவில்லை.

உன் புஷ்பராஜ்