நீ இருமவேயில்லை, அக்கா

என் பாவாயி அக்காவுக்கு,

நீ போய் எட்டு வருஷம் கழித்து உனக்கு ஒரு கோபக் கடிதம் எழுதுகிறேன். கோபம் உன்மேல் இல்லை. யார்மேல் என்று எழுதி முடிக்கும்போது எனக்கே தெரிந்தாலும் தெரியலாம்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மகள் காவேரிக்கு எட்டு வயதாகிறது. உன்னைப் போலவே சாப்பிடும்போது வாய் ஓயாமல் பேசுகிறாள். தினம் ஒரு தரமாவது புரையேறுகிறது. போன மாதம்வரை நம் அம்மா அவள் உச்சந்தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்பாள். எங்கம்மாதான் என்று இவள் கண்ணில் நீரோடு சிரிப்பாள். அந்த இருமலைக் கேட்டால்தான் எனக்கு உயிர் வருகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் இப்போது சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கற்றுக்கொள்கிறேன். கண்டவர்களைத் தொட்டுத் தூக்குகிற வேலை நம் வீட்டுப் பெண்ணுக்கு எதற்கு என்று பெரியப்பா குதித்தார். குதிக்கட்டும் என்று போய்விட்டேன். அங்கே வகுப்புச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு படம் தொங்குகிறது. கழுத்தையும் மார்பையும் நெடுக்கப் பிளந்து வரைந்திருக்கிறார்கள். முன்னால் மூச்சுக்குழல், பின்னால் உணவுக்குழல். இரண்டுக்கும் வாய்தான் வாசல். நாம் விழுங்கும்போது இலை மாதிரி ஒரு மூடி சாய்ந்து மூச்சுக்குழலை மறைத்துக்கொள்கிறது. தப்பித்தவறி ஒரு பருக்கை உள்ளே போனாலும் இருமல் வந்து வெளியே தள்ளிவிடும்.

நினைவில்லாமல் கிடப்பவருக்கு அந்த மூடி சரியாக மூடாது, இருமலும் வராது. வாயில் ஊற்றுவது நுரையீரலுக்கு இறங்கிவிடும். அதிலும் வலது கிளைதான் அகலம், நேராகவும் இறங்குகிறது, பெரும்பாலும் அங்கேதான் போகும் என்று டாக்டரம்மா குச்சியால் தொட்டுக் காட்டினார். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். நான் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. காவேரி பிறந்த மூன்றாம் நாள் காலையில் உனக்கு ஜன்னி கண்டது. இரண்டு தரம் கைகால் வெட்டி இழுத்தது. பிறகு நினைவில்லாமல் மல்லாந்து கிடந்தாய். தொண்டையில் கரகரவென்று சத்தம். நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு வண்டி பூட்டுங்கள் என்று கெஞ்சினேன். மாடு உழவில் நிற்கிறது என்றார் பெரியப்பா. அப்பா இல்லாத நம் வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். கொஞ்ச நேரம் உன்னைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இழுத்துக்கிட்டுக் கெடக்குது சாமி. உங்கையால பாலை ஊத்திரு. புள்ள நிம்மதியாப் போவட்டும்.”

காவேரிக்கென்று காய்ச்சி ஆற்றிய பால் அது. அவளுக்குப் புகட்ட வாங்கிய பித்தளைச் சங்கு அது. மூன்று சங்கு ஊற்றினேன், அக்கா. நீ இருமவேயில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது. ஒரு இருமல்கூட இல்லாமல் பால் இறங்கியதே, நல்ல சாவு என்றார்கள் சுற்றி நின்றவர்கள். இன்றுவரை சொல்கிறார்கள். தங்கை கையால் குடித்துவிட்டுப் போனாள், கொடுத்துவைத்தவள் என்று சந்தையில் பார்த்தாலும் நிறுத்திவைத்துச் சொல்கிறார்கள். நானும் இத்தனை வருஷம் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

இழுத்துக்கொண்டு கிடந்தாய் என்றார்களே, எதை இழுத்தாய்? மூச்சைத்தானே? மூச்சை இழுக்கிறவள் எப்படிச் சாகிறவள் ஆவாள்? அந்தக் கரகரப்பு, நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைத்த சத்தமாக இருக்கலாம். ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தால் மூச்சு லேசாகியிருக்கும். அத்தனை பேர் நின்றோம், ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜன்னியே அவளைக் கொண்டுபோயிருக்கலாம் அம்மா என்று டாக்டரம்மா எனக்கு ஆறுதல் சொல்கிறார். இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள நாங்கள் இடம் வைக்கவில்லையே.

போன மாதம் லீவு கொடுத்தார்கள். ஜெர்மன்காரனோடு சண்டை வந்ததிலிருந்து பெட்ரோல் இல்லாமல் கரி போட்டு ஓட்டுகிறார்களே, அந்தப் பஸ்ஸில் முகமெல்லாம் கரியாகச் சேந்தமங்கலம் வந்து இறங்கினேன். மறுநாள் முற்பகல், கடலைக்காய் காயப்போட்டிருந்த களத்தில் பெரியப்பா வலிப்பு வந்து விழுந்தார். ஓடிப் போய்ப் பார்த்தால் மல்லாந்து கிடக்கிறார், அதே கரகரப்பு. இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்று யாரோ சொல்கிறார்கள். அவருடைய மூத்த மகன் கையில் பால். இன்னொரு கையில் காவேரியின் சங்கு.

ஊற்றட்டுமே என்று ஒரு நொடி நினைத்தேன். உன்னிடம் மறைப்பானேன்.

பிறகு சங்கைப் பிடுங்கிக் களத்துக்கு வெளியே வீசினேன். பெரியப்பாவை ஒருக்களித்துப் புரட்டி, வாயில் கிடந்த வெற்றிலைச் சக்கையை விரல் விட்டு எடுத்துப் போட்டேன். கரகரப்பு குறைந்து மூச்சு சீராக வந்தது. வண்டி பூட்டச் சொன்னேன். அன்றைக்கும் மாடு உழவில்தான் நின்றது, அக்கா. அவருக்கென்றால் அவிழ்த்து ஓட்டிவர முடிந்தது.

பிழைத்து வீடு வந்தார். கட்டிலில் உட்கார்ந்து களி தின்கிற அளவுக்குத் தேறியதும் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தார். மூன்று மகன்கள் இருந்தும் ஒரு வாய்ப் பாலுக்கு வழியில்லாமல் கிடந்தாராம். நாலெழுத்துப் படித்த திமிரில் நான் தட்டிவிட்டேனாம். அதோடு நிறுத்தியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

“பாவாயி குடுத்துவெச்சவ. தங்கச்சி கையால மூணு சங்கு குடிச்சுப்போட்டுப் போனா,” என்றார்.

எட்டு வருஷமாகத் தலையாட்டியது போதும் என்று ஆகிவிட்டது எனக்கு.

“அக்கா குடிக்கலீங்க பெரியப்பா. அது அவ மூச்சுக்குழல்ல போச்சுங்க. நீங்க ஊத்தச் சொன்னீங்க, நா ஊத்துனேன். அவளும் உங்களாட்டம் மூச்சு இழுத்துக்கிட்டுத்தான் இருந்தா.”

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு இரக்கம் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் கதவருகே காவேரி நிற்கிறாள். அம்மா சித்தி கையால் பால் குடித்துவிட்டுத்தான் போனாள் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த பிள்ளை. அவள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“எங்கம்மா இருமுலியா சித்தி?”

இல்லை என்றேன்.

அதற்குப் பிறகு, நான் சேலத்துக்குக் கிளம்பும்வரை, புரையேறினால் அவள் யாரையும் தலையில் தட்ட விடவில்லை. தானாக இருமி முடித்தாள். முடித்துவிட்டு ஒவ்வொரு தரமும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

ஊற்று என்றவர் ஒருவர். நல்ல சாவு என்றவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குள்ள கோபம் ஆறாது, ஆறவும் வேண்டாம். ஆனால் சங்கைப் பிடித்திருந்த கை இதுதான், இந்தக் கடிதத்தை எழுதுகிற கை. மூச்சு ஓடுகிற எந்த வாயிலும் பால் ஊற்ற நான் இருக்கும்வரை விடமாட்டேன். காவேரி வளர்ந்து இன்னும் கேட்பாள். கேட்கும்போதெல்லாம் ஒன்றையும் மறைக்காமல் சொல்வேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்.

நீ குடிக்காத பாலை உனக்கு ஊற்றிய,
உன் தங்கை செல்லாயி