சிதல் அரித்த ஜப்திச் சாமான்களும் நான் உடைத்த முத்திரையும்

அனுப்புநர்:
பொ. சதாசிவன், வயது 47,
கொப்பரை வியாபாரம்,
உதியன்குளங்கரை, பாறசாலை வழி.

பெறுநர்:
கனம் பொருந்திய டிவிஷன் மாஜிஸ்திரேட் அவர்கள்.

பொருள்: என் பொறுப்பில் விடப்பட்ட ஜப்திச் சாமான்களின் முத்திரையை நானே உடைத்தது – சாமான்கள் சிதலரித்துப் போனது – குற்றாலிங்கம் பிள்ளை பதினாறாம் நாள் சடங்குவரை ஊர் வந்திருக்க அனுமதி வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: எனது முந்தைய மனுக்கள், 11-6-1955 மற்றும் 4-7-1955.

மேன்மை தங்கிய ஐயா அவர்கள் சமூகத்திற்கு,

1. எங்கள் ஊர் முன்னாள் சர்க்கார் குமாஸ்தா குற்றாலிங்கம் பிள்ளை, தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கோரி சென்ற ஆண்டு ஆகஸ்டில் நடந்த ஊர்வலத்தில் கலந்துகொண்டவர். வாரண்டு வந்ததும் எல்லை தாண்டி ஆரல்வாய்மொழிக்கு அப்பால் போய்விட்டார். அவர் ஆஜராகாததால் 20-9-1954 அன்று அவர் வீட்டிலிருந்த பலாமரக் கட்டில், அலமாரி, தேக்கு எழுத்துமேசை, சாய்வு நாற்காலி ஆகிய நான்கும் ஜப்தி செய்யப்பட்டன. சர்க்கார் கச்சேரியில் இடம் இல்லாததால் என் கொப்பரைக் கிட்டங்கியில் கொண்டுவந்து வைத்து, நான்கையும் ஒரே கயிற்றால் பிணைத்து, முடிச்சுகளில் அரக்கு முத்திரை வைத்தார்கள். காவல் பொறுப்புக்குக் கையெழுத்துப் போட்டவன் நான்.

2. ஏன் போட்டேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பிள்ளையும் நானும் செங்கல் ஊர்ப் பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். என் சரக்கெல்லாம் திருவனந்தபுரம் சந்தைக்குப் போகிறது. ஊர் திருவனந்தபுரத்தோடே இருக்கட்டும் என்று நான் சொன்னேன். அதற்கு அவர், சாயாக்கடையில் நாலுபேர் முன்னிலையில், "நீ வியாபாரியாக்கும் சதாசிவா, ஒனக்கு பாஷை எதுக்கு?" என்று கேட்டுவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. ஜப்தி நாளில் கையெழுத்துப் போட யாரும் முன்வராதபோது நான் போனேன். உதவி என்று ஊர் நினைத்தது. அவருடைய நாற்காலி என் கிட்டங்கியில் கிடக்கட்டும் என்கிற எண்ணமும் எனக்குள் இருந்தது. அந்த எண்ணத்துக்கு இன்று வெட்கப்படுகிறேன்.

3. பிள்ளையின் மனைவி பகவதியம்மாளுக்குப் பல வருடமாக இழுப்பு உண்டு. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். அதனால் இரவெல்லாம் அந்தச் சாய்வு நாற்காலியில்தான் உறங்குவார். ஜப்தி செய்ய வந்தவர்களிடம் அது ஒன்றை மட்டும் விட்டுவிடும்படி கேட்டார். பட்டியலில் ஏறிவிட்டது என்று சொல்லி எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு சுவரில் தலையணையைச் சாத்தி, தரையில் உட்கார்ந்தபடியே உறங்கினார். குழந்தைகள் இல்லாத வீடு. என் மனைவி சுகுமாரி அவ்வப்போது கஞ்சி கொண்டுபோவாள்.

4. ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கியதும் கிட்டங்கியின் மண்தரையிலிருந்து சிதல், அதாவது கறையான், கிளம்பியது. கட்டில் காலிலும் நாற்காலிக் காலிலும் விரல் கனத்துக்கு மண்கோடு ஏறியதைக் கண்டேன். மரச்சாமானைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட வேண்டும். கால்களைக் கல்லின்மேல் தூக்கி வைக்க வேண்டும். மழைக்கு முன்பே முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெயைக் காலடியிலும் பொருத்து இடுக்கிலும் தடவ வேண்டும். எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு செய்கிற காரியம் இது. ஆனால் இங்கே நான்கும் சுவரை ஒட்டி, ஒன்றோடொன்று கட்டுண்டு கிடந்தன. ஒன்றை நகர்த்தினாலும் அரக்கு உடையும். ஆகவே, ஓர் அதிகாரி முன்னிலையில் அரை நாள் அவிழ்த்து, எண்ணெய் தடவி, கல்லில் ஏற்றி, மறுபடி முத்திரையிட அனுமதி கேட்டு இரண்டு மனு கொடுத்தேன். முதல் மனுவுக்கு, எதிரியான பிள்ளை ஆஜராகும்வரை முத்திரையைத் தொடக்கூடாது என்று பதில் வந்தது. இரண்டாவதற்குப் பதில் இல்லை. கைக்கெட்டிய மண்கோடுகளைத் தட்டிவிட்டேன்; சுற்றிலும் மண்ணெண்ணெய் ஊற்றினேன். சுவர்ப் பக்கம் என் கை எட்டவில்லை.

5. பகவதியம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குப் போகிற வழியில் கிட்டங்கி வாசலில் வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார். "தம்பி, சிதலு கேறிட்டுதா?" என்று கேட்பார். "இல்லக்கா, பத்திரமா இருக்கு" என்பேன். நாலு வெள்ளிக்கிழமை அப்படியே சொன்னேன். ஐந்தாம் வெள்ளி அவர் மூச்சுவாங்க நின்று, "எனக்கு உள்ள சத்தம் கேக்குதே தம்பி" என்றார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

6. 24-7-1955 ஞாயிறு காலை சுகுமாரி ஓடிவந்து, அக்காவுக்கு மூச்சிரைப்பு நிற்கவில்லை, உட்காரவும் முடியவில்லை என்றாள். கச்சேரி அடைத்திருந்த நாள். அரிவாளால் கயிற்றை அறுத்தேன், முத்திரைகள் உடைந்தன. யாரும் தூண்டவில்லை, யாரும் உடன் இல்லை. நாற்காலியைத் தூக்கினேன். பாலீஷ் போட்ட மேல்தோல் மட்டும் கையோடு வந்தது. கால்கள் நான்கும் உள்ளே மண்ணாக இருந்தன. கட்டிலும் அப்படியே. அலமாரிக்கு முதுகுப் பலகை இல்லை. மேசை ஒன்று மட்டும் தப்பியது.

என் கடையிலிருந்த நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு போனேன். அது நிமிர்ந்த நாற்காலி. பின்னால் மூட்டை வைத்துச் சாய்த்துக் கொடுத்தோம். வைத்தியரும் வந்து பார்த்தார். நாலு நாள் பகவதியம்மாள் அதில் இருந்தார். "அவரு சாமான அவரு வந்து கேக்கும்பம் என்ன சொல்லுவ தம்பி?" என்று என்னைக் கேட்டாரே தவிர, ஒரு சொல் குறையாகச் சொல்லவில்லை. 28-ஆம் தேதி வியாழன் காலை காலமானார். கொள்ளிவைக்க ஆளில்லாமல் அவருடைய சகோதரி மகன் தாணுமாலயன் வந்து வைத்தார்.

7. ஆகவே சமூகத்தில் பணிந்து கேட்டுக்கொள்வது:

முத்திரையை உடைத்த குற்றம் என்னுடையது. விதிக்கும் தண்டனையை ஏற்கிறேன். சாமான்கள் கெட்டதைக் குற்றாலிங்கம் பிள்ளையின் வழக்கோடு சேர்க்க வேண்டாம்.

தப்பிய மேசையைக் கல்லின்மேல் ஏற்றி, எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். ஜப்தியான மரச்சாமான்கள் வேறு இடங்களிலும் மண்தரையில் கிடக்குமானால், அவற்றுக்கும் இதையே செய்ய உத்தரவாக வேண்டும். அவற்றுக்கும் உடையவர்கள் இருப்பார்கள்.

மூன்றாவதுதான் முக்கியமானது. வருகிற ஆகஸ்ட் 12-ஆம் தேதி பதினாறாம் நாள். அதுவரை வாரண்டை நிறுத்திவைத்து, பிள்ளை ஊருக்கு வர அனுமதிக்க வேண்டும். சடங்கு முடிந்த மறுநாள் அவர் தாமாகவே ஆஜராவார் என்று நம்புகிறேன். அவர் இருக்கும் இடம் எனக்குத் தெரியாது. அனுமதி கிடைத்தால், தெரிந்தவர்கள் மூலம் ஊருக்கு வரும்படி மட்டும் சொல்லி அனுப்புவேன். மனைவி இறந்தது அவருக்கு இன்னும் தெரிந்திருக்காது. இரண்டு வருடமாக நாங்கள் பேசவில்லை; இதை அவரிடம் சொல்ல வேண்டியவன் நான். லாக்கப் கம்பிக்கு வெளியே நின்று சொல்லும்படி என்னை விட்டுவிடாமல், அவருடைய வீட்டில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல இடம் கொடுக்குமாறு கைகூப்பிக் கேட்கிறேன்.

இடம்: உதியன்குளங்கரை
நாள்: 30-7-1955

இங்ஙனம்,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
பொ. சதாசிவன் (ஒப்பம்)