நாலு என்று எழுதிய தெரு

ஹொசகேரி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகாந்தேஷ் அண்ணாவுக்கு, உன் பாதம் தொட்டு நாகவேணி எழுதுவது.

அம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அண்ணியைப் பற்றி அப்படி எழுத முடியாது. நீ கோவாவுக்குத் திரும்பிப் போய் இருபது நாள் ஆகிறது. போனில் அம்மாவோடு பேசுகிறாய், ஆடு குட்டி போட்டதா என்று கேட்கிறாய், அண்ணியைப் பற்றிக் கேட்பதில்லை. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனை வாங்கிச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று தடவை கை நீட்டினேன். என் வாய் லேசில் திறக்காது என்று உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று கறுப்பு.

குழந்தையைப் புதைத்த அன்று நீ அண்ணியிடம், "வலி வந்ததும் சொல்லாம என்னடி பண்ணிட்டு இருந்த? ரொட்டி தட்டிட்டு இருந்தியா?" என்று கேட்டாய். அவள் தலையைத் தூக்கவில்லை. ஆனால் அவள் உடனே சொன்னாள் அண்ணா. காலை பத்து மணிக்குச் சொன்னாள். பத்தரைக்கு ஆம்புலன்ஸ் மாவு மில் முனைக்கு வந்துவிட்டது. அங்கேயே நின்றுவிட்டது. நம் தெரு மோசம் என்று உனக்குத் தெரியும். இந்த வருஷம் அது மோசமாக இருந்திருக்க வேண்டியதில்லை என்பது உனக்குத் தெரியாது.

ஆவணியில் நகராட்சிக்கு ஒரு நிதி வந்தது. ரோடு போட அல்ல, ரோடு எப்படி இருக்கிறது என்று பார்க்க. ஒவ்வொரு தெருவையும் நடந்து பார்த்து ஒன்று முதல் ஐந்து வரை எண் போட வேண்டும். ஒன்று என்றால் படுமோசம், ஐந்து என்றால் புதுசு. குறைந்த எண் வாங்கிய தெருக்களுக்குத் தீபாவளிக்குள் ரோடு. அம்மா சிரித்தாள். "நோயாளியப் பாக்கவே காசு தீந்துருச்சுன்னா மருந்துக்கு எங்க போவாங்களாம்?" என்றாள். ஆனால் அது உண்மையாகவே நடந்தது.

வார்டுக்கு ஒருவர், எழுதத் தெரிந்தவர், கூட நடக்க வேண்டும் என்றார்கள். கவுன்சிலர் மல்லம்மாவின் புருஷன் வீரபத்ரப்பாதான் அவளுடைய எல்லா வேலையையும் பார்க்கிறவர் என்று உனக்குத் தெரியுமே, அவர் நம் வீட்டுக்கு வந்து என்னைக் காட்டினார். "எட்டாவது படிச்சிருக்கா, கையெழுத்து முத்து முத்தா இருக்கு, முக்கியமா வாயில்லாத பொண்ணு. இவதான் சரி" என்றார். அண்ணிக்கு எவ்வளவு சந்தோஷம்! அவளுடைய நீலச் சேலையை எனக்குக் கட்டிவிட்டாள். "தலையத் தூக்கி நட, நீ இப்ப ஆபீசர்" என்று கேலி செய்தாள்.

அளக்கிறவர்கள் வந்தது எந்த நாள் தெரியுமா? துர்கவ்வா பல்லக்கு வந்த திங்கள்கிழமைக்கு மறுநாள்.

உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பல்லக்கு தூக்குகிறவர்கள் வெறுங்காலோடு வருவார்கள், ஒருவர் கால் இடறினாலும் தெருவுக்கு ஆகாது. எப்போதும்போல ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் குழிகளை நிரப்பினோம். செம்மண், சாம்பல், உடைந்த ஓடு, செங்கல் துண்டு, அகப்பட்டதெல்லாம். கரிபசப்பா வீட்டு முன்னால் இருக்கும் பெரிய குழிக்கு நான் மட்டும் பதினாறு கூடை கொட்டினேன். அண்ணி ஆறு மாத வயிற்றோடு அதன் மேல் சாணி மெழுகினாள். வேண்டாம் என்று அம்மா திட்டினாள். "நம்ம பிள்ளைக்கும் சேத்து மெழுகறேன் அத்தை" என்றாள். செவ்வாய் காலையில் தெரு கல்யாண வீட்டு வாசல்போல இருந்தது. கோலம்கூட அழியவில்லை.

வந்த இஞ்சினியர் வெளியூர்ப் பையன். போனில் படம் எடுத்துக்கொண்டே, "இங்கே குழி இருக்கா?" என்று கேட்டான். கரிபசப்பா வீட்டு ஈரவ்வா அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "குழியா? நேத்துதான் தேவி நடந்து வந்த தெரு சார் இது! கண்ணாடி மாதிரி கெடக்கு பாருங்க" என்றாள். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். பல்லக்கு வந்த வாரத்தில் தேவியின் பாதையை யார் குறை சொல்வார்கள்? சொன்னால் நாக்கு அழுகும் என்றுதானே நமக்குச் சொல்லி வளர்த்தார்கள்.

எனக்குத் தெரியும் அண்ணா. அடியில் என்ன இருக்கிறது என்று என் கைக்குத் தெரியும். பேனாவை ஒன்றின் மேல் வைத்தேன். அவன் எட்டிப் பார்த்து, "கண்ணு பாக்கறத எழுதும்மா, மனசு நெனைக்கறத இல்ல" என்றான். இது ஒரு நாள் மண், மழை வந்தால் போய்விடும் என்று அவனிடம் சொல்ல ஒரு மூச்சு போதும். சுற்றி எல்லாரும் நின்றார்கள். நான் நாலு என்று எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டேன்.

எட்டாம் நாள் மழை. ஓடுகள் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தன. நான் தனியாக நகராட்சிக்குப் போனேன். மதியம்வரை நின்ற பிறகு குமாஸ்தா நிமிர்ந்தார். எங்கள் தெருவை மறுபடி பார்க்க வேண்டும் என்றேன். காகிதத்தைத் தேடி எடுத்து, "இது யார் கையெழுத்து?" என்றார். என்னுடையது என்றேன். "அப்புறம் என்ன? மறுபடி பாக்கணும்னா மறுபடி நிதி வரணும். மூணு வருஷம் ஆகும். அதுக்குள்ள உனக்குக் கல்யாணமாயிரும் போ" என்றார். அந்த அறையில் எல்லாரும் சிரித்தார்கள். வீரபத்ரப்பாவின் தெரு முன்பே சிமெண்டுத் தெரு. அளந்த வாரம் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அதற்கு ஒன்று கிடைத்தது. அது சூதா, தற்செயலா, எனக்குத் தெரியாது. இப்போது அங்கே பிள்ளைகள் சைக்கிள் பழகுகிறார்கள்.

அண்ணிக்கு வலி வந்த அன்று நம் தெரு முனையில் ஆம்புலன்ஸ்காரர், "உள்ள வந்தா அச்சு முறிஞ்சிரும், தூக்கிட்டு வாங்க" என்றார். ஆண்கள் எல்லாரும் கரும்பு வெட்டப் போயிருந்தார்கள். நாங்கள் ஐந்து பெண்கள் தூக்கினோம். கரிபசப்பா வீட்டு முன்னால் தண்ணீருக்குள் குழி தெரியவில்லை. முதலில் இடறியது என் கால். அண்ணி விழுந்தாள். "லேட்டா கொண்டு வந்துட்டீங்க" என்று டாக்டர் நம் அம்மாவிடம் சொன்னது உன் காதுக்கும் வந்தது.

நீ கத்தியபோது நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஏன் தடுத்தாய் என்று நீ போன பிறகு அவளிடம் கேட்டேன். "என்னத் திட்டிட்டுப் போகட்டும். நான் தாங்கிக்குவேன். நீ இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டியவ, உன் பேர் இதுல வரக்கூடாது" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். நாலு என்று எழுதியதை அன்றைக்கே அவளிடம் அழுது சொல்லியிருந்தேன்.

வருகிற ஞாயிறு அவளுடைய அண்ணன் வண்டியோடு வருகிறார். அவள் டிரங்குப் பெட்டியில் துணியை அடுக்கிவிட்டாள். பிள்ளைக்குத் தைத்த குல்லாயை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, உன் சட்டைகளுக்கு அடியில் வைத்திருக்கிறாள். போனால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீ அங்கே ஊரார் தெருவுக்கெல்லாம் தார் ஊற்றுகிறாய். ஒரு நாள் லீவு கேட்டு வா அண்ணா. திட்ட வேண்டுமென்றால் என்னைத் திட்டு, தெரு நடுவில் நிறுத்தித் திட்டு, நான் தலை குனிய மாட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்.

துர்கவ்வா உன் கால்களுக்குத் துணை இருக்கட்டும். மாவு மில் முனையில் இறங்கினால் வலது ஓரமாகவே நடந்து வா. இடப்பக்கம் தண்ணீர் நிற்கிறது, ஆழம் தெரியாது.

உன் தங்கை,
நாகவேணி