இரண்டும் இடது கால்

மாதனூர்,
ஞாயிறு காலை

அன்புத் தங்கை தமிழினிக்கு,

அண்ணன் செந்தில்குமார் எழுதுவது. நானும் உன் அண்ணி சங்கீதாவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

எங்கள் கம்பெனி ரஃபி அகமது சார் ஷூ கண்காட்சிக்காக நீ இருக்கிற ஜெர்மனிக்கு வருகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் அண்ணி பக்கத்திலேயே இருப்பாள். இது அவள் காதில் விழக்கூடாத விஷயம்.

போன ஆடியில் வண்டி பள்ளத்தில் இறங்கி இரண்டு பேரும் விழுந்தோம் அல்லவா? எனக்கு முட்டியில் சிராய்ப்பு, அவளுக்குப் பின்மண்டையில் அடி. இருந்தது ஒரே ஹெல்மெட். அது யார் தலையில் இருந்தது என்று உனக்கே தெரியும். ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். தையல் பிரித்த பத்தாம் நாள் மறுபடி கம்பெனி பஸ் ஏறிவிட்டாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

அதன் பிறகு நடந்ததை உன்னிடம் மறைத்தேன். அடுப்பில் வைத்த பாலை மறந்துவிடுவாள். சும்மா ஒன்று கேட்டாலும் எரிந்து விழுவாள், அப்புறம் உட்கார்ந்து அழுவாள். டியூப்லைட் போட்டால் போதும், “லைட்ட அணைங்க, தல பேஜாரா இருக்குது” என்பாள். வேலை செய்யாமல் இருக்க நல்ல நாடகம் என்று நான் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை.

பேக்கிங்கில் இடது வலது பார்த்து ஜோடி சேர்ப்பது அவள் வேலை. அந்த லைனுக்கு நான்தான் சூப்பர்வைசர். பத்து நாளைக்கு முன் ஒரு பெட்டிக்குள் இரண்டும் இடது கால் ஷூவாகப் போய்விட்டது. தப்பு நடந்தால் அந்த ஜோடியை, தப்பு செய்தவரின் டோக்கன் நம்பரோடு லைன் முனையில் ஒரு வாரம் தொங்கவிடுவது எங்கள் வழக்கம். பெண்டாட்டி என்று விட்டுவிட்டான் என்று பேச்சு வரக்கூடாதே என்று நானே என் கையால் தொங்கவிட்டேன். “வூட்லயும் தூங்கிக்கினேதான் வேலை செய்வா” என்று வேறு சொன்னேன். நாற்பது பெண்களும் சிரித்தார்கள். அவள் அடுத்த பெட்டியைத் திறந்து, இடது, வலது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன ஞாயிறு நீ போன் செய்தபோது, உன் எலி ஆராய்ச்சியை வைத்து, எலி டாக்டரம்மா, மண்டை உடைந்த எலியெல்லாம் சௌக்கியமா என்று கேலி செய்தேன். நீ சிரிக்காமல் பதில் சொன்னாய். அடி ஒரு நாளோடு முடிந்துவிடும், அதனால் மூளைக்குள் வருகிற அழற்சி முடியாது என்றாய். காப்பாற்ற வந்த செல்களே மாதக்கணக்கில் சண்டையை நிறுத்தாமல் கெடுதல் செய்யும், ஸ்கேனில் தெரியாமலும் போகும் என்றாய். மறதி, கோபம், வெளிச்சம் கூசுவது என்று நீ சொல்லிக்கொண்டே போனாய். நீ ஆராய்ச்சியைச் சொன்னாய், எனக்கு என் வீட்டைச் சொல்வது போலிருந்தது. வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன்.

ஒட்டின சோல் மேலே காய்ந்தது போலத்தான் தெரியும், உள்ளே பசை ஈரமாக இருக்கும். அவசரப்பட்டுப் பெட்டியில் போடாதே என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவன் நான். வெட்கமாக இருக்கிறது, தமிழினி.

மறுநாள் போனதும் அந்த ஜோடியை இறக்கினேன். அவளுக்கு அடிபட்டது இன்னும் ஆறவில்லை, தப்பு என்னுடையது என்று லைன் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். எல்லாரும் குனிந்து வேலையைப் பார்த்தார்கள். சங்கீதா மட்டும், “அத்த ஏன் எடுத்தீங்க? தப்பு என்னுதுதானே” என்றாள். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

வரும் புதன்கிழமை வேலூரில் நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். அதுவரை வீட்டில் ஓய்வாக இருக்கச் சொல்லியிருக்கிறேன். புது ஹெல்மெட் ஒன்று வாங்கினேன். அவள் வண்டியில் ஏறவே மாட்டேன் என்கிறாள், பஸ்ஸில்தான் போக வேண்டும்.

உன் ஆராய்ச்சி இன்னும் எலியோடுதான் நிற்கிறது என்று தெரியும். இருந்தாலும் அந்த அழற்சி அடங்குமா, அடங்காதா என்று உனக்குத் தெரிந்ததை எனக்கு உள்ளபடி எழுது. அண்ணிக்கும் தனியாக ஒரு கடிதம் போடு. அதில் தப்பு அவளுடையது இல்லை என்று எழுது. நான் சொன்னால் நம்பமாட்டாள்.

ஹெல்மெட் பற்றி அவள் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறந்துவிட்டாளா, மனதுக்குள் வைத்திருக்கிறாளா, எனக்குத் தெரியாது. அவளுக்கு ஞாபகம் முழுசாகத் திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொள். அந்த ஹெல்மெட் ஞாபகமும் சேர்ந்தே திரும்பட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள் அம்மா.

உன் அண்ணன்,
செந்தில்குமார்