என் மூக்குக்குப் பொருந்தும் மாஸ்க்கை விடுவித்தல் தொடர்பாக

அனுப்புநர்:
கந்தையா யோகேந்திரன்,
ஓய்வுபெற்ற படவரைஞர்,
இல. 41/3, மேட்டு ஒழுங்கை,
கெலிஓயா.

பெறுநர்:
பிரதிப் பணிப்பாளர் அவர்கள்,
கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் விடுவிப்புப் பிரிவு,
கொழும்பு.

விடயம்: தங்கள் கண்டிக் கிளை ‘நச்சுவாயு முகக்கவசம் – 3’ என்று பதிந்து தடுத்துவைத்த எனது மூச்சு மாஸ்க்குகளில் எஞ்சிய இரண்டையும் அழிக்காதிருத்தல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் கண்டிக் கிளைக்கு இதுவரை ஏழு தடவை சென்று வந்துள்ளேன். எட்டாம் தடவை செல்வதற்கு எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் மார்ச் 14ஆம் திகதி என் பொருட்கள் அழிக்கப்படும் என்று கிளையின் பொறுப்பதிகாரி எழுத்தில் அறிவித்துவிட்டார். ஐந்து மாதங்களில் அவ்வலுவலகம் திகதி குறித்துச் செய்ய முன்வந்த முதல் வேலை இதுவே என்பதால், இதை அவர்கள் தவறாமல் செய்து முடிப்பார்கள் என்று அஞ்சித் தங்களுக்கு எழுதுகிறேன்.

2. எனக்கு உள்ள நோயை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் உறங்கும்போது தொண்டை அடைபட்டு மூச்சு நின்றுவிடுகிறது. அரை நிமிடம் நிற்கும், சில வேளை அதற்கும் மேல். பிறகு உடம்பே திடுக்கிட்டு மூச்சை இழுத்துக்கொள்ளும். ஒரு மணித்தியாலத்தில் நாற்பத்தாறு தடவை இப்படி நடப்பதாகப் பரிசோதனை அறிக்கை கூறுகிறது. குறட்டைதானே என்று நான் பல காலம் சிரித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி லீலாதேவி சிரிக்கவில்லை. “இஞ்சருங்கோ, மூச்சை விடுங்கோ” என்று தோளில் தட்டித் தட்டியே அவர் தமது நித்திரையைத் தொலைத்தார். 2006இல் நெஞ்சுநோய் வைத்தியர் என்னைப் பார்த்தபோது இருதயம் வீங்கியிருந்தது. பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகியது. மாஸ்க் இன்றி இனி ஒரு நாளும் உறங்கக் கூடாது என்று அவர் எழுதித் தந்தார்.

3. இதற்கு மாத்திரை கிடையாது. காற்றை மெல்லிய அழுத்தத்தோடு மூக்கினுள் செலுத்தும் சிறு இயந்திரம் ஒன்று உண்டு. கனடாவிலிருக்கும் என் மகள் அதை அனுப்பினாள். அதன் குழாயின் முடிவில் உள்ளதுதான் இந்த மாஸ்க். அது முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். காற்று ஒழுகினால் சிகிச்சை நடக்காது. ‘முகமூடி’ என்ற சொல்லை நான் இம்மனுவில் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். இந்நாட்டில் ஆட்களைக் காட்டிக்கொடுக்க முகமூடி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் யார், அவர்கள் தலையை ஆட்டியதும் என்ன நடந்தது என்பது எனக்கும் தெரியும்.

4. இயந்திரத்தோடு வந்த முதல் மாஸ்க் நேரான மூக்குக்குச் செய்யப்பட்டது. என் மூக்கு நேரானது அல்ல. 1983 யூலை 26ஆம் திகதி பிற்பகல், தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது, கண்டி நகரில் நான் குடியிருந்த வாடகை வீட்டு வாசலில், ஒரு கதிரைக் காலால் என் முகத்தில் அடிக்கப்பட்டது. கதிரை என்னுடையது. அடித்தவரை எனக்குத் தெரியாது. அவருக்கும் என்னைத் தெரியாது. பக்கத்து வீட்டிலிருந்த சிங்களத் தாதி ஒருவர் என்னைத் தமது குளியலறையில் ஒளித்துவைத்து, மூக்கில் துணியை அடைத்து, உயிரைக் காப்பாற்றினார். ஆஸ்பத்திரிக்குப் போக ஒன்பது நாள் ஆயிற்று. அதற்குள் எலும்பு தன் விருப்பப்படி ஒட்டிக்கொண்டது. மூக்குத்தண்டு இடப்பக்கம் சரிந்து, கண்ணுக்குக் கீழே ஒரு பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்தின் வழியாக மாஸ்க்கின் காற்று நேரே என் இடக்கண்ணுக்குள் வீசும். பட்டியை இறுக்கினால் மூக்கில் புண், தளர்த்தினால் ஒழுக்கு. காலையில் கண் சிவந்து, மூக்கில் இரத்தக் கோடுகளோடு எழும்புவேன்.

5. கெலிஓயாச் சந்தியில் முச்சக்கர வண்டிகளுக்கு இருக்கை உறை தைக்கும் மஹ்மூத் என்பவரிடம் அந்த மாஸ்க்கைக் கொண்டுபோனேன். அவர் கடிதம் கேட்கவில்லை. மாஸ்க்கைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் என் மூக்கைத் தடவிப் பார்த்தார். “சேர், இது ஒங்கட மூக்குட பிழையில்ல. சீட்டுக்கு ஏத்த மாதிரித்தான் கவர வெட்டணும். கவருக்கு ஏத்த மாதிரி சீட்ட வெட்டேலுமா?” என்றார். பழைய பனியன் துணியில் ஒரு வளையம் தைத்து, பள்ளத்துக்கு நேரே சிறு பஞ்சு வைத்துக் கொடுத்தார். அதைப் போட்டு நான்கு மணித்தியாலம் தொடர்ந்து உறங்கினேன். விழித்தபோது லீலாதேவியும் உறங்கிக்கொண்டிருந்தார். அவர் அப்படி அயர்ந்து உறங்கியதை நான் பார்த்து எத்தனையோ வருடம்.

ஆனால் துணி வியர்வையில் நனைந்து வழுக்கும். மஹ்மூத் பதினொரு வளையம் தைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது கொஞ்ச நாளக்கித்தான் சேர் தாங்கும். மூக்குத்தண்டத் தொடாத மாதிரி ஒரு சாமான் எங்கயாச்சும் ஈக்கும். அதத் தேடுங்க.” எட்டாம் வகுப்பு வரை படித்தவர் என்று தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வார். தங்கள் கிளையில் பட்டதாரிகள் ஆறு பேர் இருப்பதாகப் பெயர்ப்பலகை கூறுகிறது.

6. அப்படியொரு சாமான் இருந்தது. மூக்குத் துவாரங்களில் மட்டும் பொருந்தும் இரண்டு மெல்லிய இறப்பர்க் கிண்ணங்கள். மூக்குத்தண்டைத் தொடவே தொடாது. சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவு உண்டு. எது பொருந்தும் என்பதைப் படுத்துக்கொண்டு, காற்றை ஓட விட்டுப் போட்டுப் பார்த்தால்தான் அறியலாம். ஆகவே மகள் மூன்றையும் ஒரே பொதியில் அனுப்பினாள். 2007 செப்டெம்பர் 28ஆம் திகதி பொதி தங்கள் கண்டிக் கிளைக்கு வந்தது. அன்றோடு அதன் பயணம் முடிந்தது.

7. பொறுப்பதிகாரியின் முதற் கேள்வி: “ஒரு ஆளுக்கு மூன்று மாஸ்க் எதற்கு? மற்ற இரண்டு பேரும் யார்?” சப்பாத்து வாங்கும்போதும் நான்கு சோடி போட்டுப் பார்க்கிறோம் அல்லவா என்று விளக்கினேன். அவர் கோப்பில் எழுதியதை நான் தலைகீழாக வாசித்தேன். படவரைஞனுக்கு அது பழக்கம். ‘ஏனைய இருவரின் பெயர்களை வெளியிட விண்ணப்பதாரர் மறுத்தார்’ என்றிருந்தது.

8. இரண்டாம் தடவை, வாயால் சொல்லி விளங்காததை வரைந்து காட்டலாம் என்ற பேராசையில், என் மூக்கைச் சதுரத்தாளில் நான்கு மடங்கு பெருப்பித்து, சரிவையும் பள்ளத்தையும் சமவுயரக் கோடுகளால் காட்டிக் கொண்டுபோனேன். “இது எந்தப் பிரதேசம்?” என்று பொறுப்பதிகாரி கேட்டார். என் மூக்கு என்றேன். தாள் பறிமுதல் செய்யப்பட்டு, ‘சந்தேகத்துக்கிடமான வரைபடம் – 1’ என்று பதியப்பட்டது. முப்பத்திரண்டு ஆண்டுகள் இந்நாட்டின் மலைகளை அரசாங்கத்துக்காக வரைந்த கைக்கு இப்படியொரு நற்சான்றிதழ்.

9. மூன்றாம் தடவை ஒரு படிவம் தந்தார்கள். ‘முகச் சிதைவுக்கான காரணம்: பிறவி, விபத்து, வேறு’ என்றிருந்தது. ‘வேறு’ என்பதில் அடையாளமிட்டு, அருகே ‘1983’ என்று எழுதினேன். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி வேண்டும் என்றார்கள். முறைப்பாடு செய்யப் போனது உண்மை. அடித்தவனைக் கூட்டிக்கொண்டு வந்தால் எழுதலாம் என்று அங்கே சொன்னார்கள். கூட்டிக்கொண்டு போக என்னால் முடியவில்லை. ஆகவே தங்கள் கிளை, ‘பதிவு இல்லாதபடியால் காயம் உறுதிப்படுத்தப்படவில்லை’ என்று முடிவு செய்தது. மூக்கை மேசைக்கு மேலாக நீட்டிக் காட்டினேன். கோப்பில் இல்லாத ஒன்றைப் பார்க்கும் அதிகாரம் அந்த அதிகாரிக்கு வழங்கப்படவில்லை போலும்.

10. நான்காம் தடவை, பொதி பல்லேகலக் களஞ்சியத்தில் பாதுகாப்பாக இருப்பதாகச் சொல்லி அங்கே அனுப்பினார்கள். அங்கிருந்தவர்கள் அப்படியொரு பொதியைக் கேள்விப்பட்டதே இல்லை. திரும்பிவந்து வாசலில் களைத்துக் குந்தியிருந்தபோது, ஒருவர் என் காதருகே வந்து, “ஐயா, சும்மா அலையாதீங்க. அந்தப் பொட்டி உள்ள மேசைக்கு அடியிலதான் கெடக்கு. பெரியவரு அதுமேல காலைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் இருக்காரு” என்றார். அவருடைய பெயரைத் தாங்கள் கேட்க வேண்டாம். கேட்டாலும் நான் சொல்லப்போவதில்லை. அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

11. டிசம்பர் 11ஆம் திகதி, கிளையின் அழைப்பின் பேரில், ஐந்தாம் தடவையாக, கெலிஓயாவிலிருந்து கண்டிக்குப் பஸ்ஸில் சென்றேன். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி நடந்து செல்ல வேண்டும். எல்லோரும் இறங்கினார்கள். நான் உறங்கிவிட்டேன். கண் விழித்தபோது பஸ்ஸில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே துப்பாக்கிகள் இருந்தன. வெறும் பஸ்ஸில், மடியில் ஒரு பையோடு, பிறந்த இடம் வடக்கிலுள்ள சாவகச்சேரி என்ற அடையாள அட்டையோடு தனியே உட்கார்ந்திருக்கும் ஒருவனைப் பற்றி அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதைத் தாங்களே ஊகிக்கலாம். கையை உயர்த்தச் சொன்னார்கள். நித்திரைக் கலக்கத்தில் அது எனக்கு உடனே விளங்கவில்லை.

நான்கு மணித்தியாலம் காவல் கொட்டிலில் வைத்திருந்தார்கள். பையில் வைத்தியரின் கடிதமும் பழைய மாஸ்க்கும் இருந்தன. சார்ஜன்ட் ஒருவர் வந்து மாஸ்க்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இதைத்தானா வாயு மாஸ்க் என்கிறார்கள் என்று சிங்களத்தில் கேட்டார். இதன் தம்பிமார் மூன்று பேரை அப்படித்தான் பதிந்திருக்கிறார்கள் என்றேன். “வடிகட்டி எங்கே?” என்றார். இல்லை என்றேன். “நான் வாயு மாஸ்க் போட்டுப் பயிற்சி எடுத்தவன். வடிகட்டி இல்லாததைப் போட்டுக்கொண்டு போனால், முதலில் சாகிறவன் போட்டவன்தான். இதை எந்தச் சேனையும் சும்மா கொடுத்தாலும் வாங்காது” என்றார். அதையே இரண்டு வரியில் வைத்தியரின் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டார். அடுத்து வந்த பஸ்ஸை மறித்து என்னை ஏற்றி, கண்டிவரை இவரை நித்திரை கொள்ள விடாதே என்று கொண்டக்டரிடம் சொல்லி அனுப்பினார்.

சந்தேகப்படுவதற்கென்றே பயிற்றப்பட்டவர் பத்து நிமிடத்தில் விளங்கிக்கொண்டார். அன்று மாலையே அக்கடிதத்தைத் தங்கள் கிளையில் கொடுத்தேன். பின்பக்கத்தில் எழுத்து இருப்பதால் ஏற்க முடியாது, சுத்தமான கடிதம் கொண்டுவரவும் என்றார்கள்.

12. ஆறாம் தடவை சுத்தமான கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இவ்வாண்டு பெப்ரவரி 5ஆம் திகதி, ஏழாம் தடவை அழைத்து, ‘மனிதாபிமான அடிப்படையில்’ ஒரு மாஸ்க்கை மட்டும் விடுவித்தார்கள். மூன்றில் பெரியது அது. மூக்கினுள் வைக்கும் பொருளின் உறை கிழிக்கப்பட்டு, வெற்றிலை வாசம் வீசியது. யாரோ போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவருக்குப் பொருந்தியிருக்கக்கூடும். எனக்கு அது துவாரத்தினுள் நுழையவே இல்லை. எது எனக்குப் பொருந்தும் என்று என்னைக் கேட்கவில்லை. கொடுத்ததற்குக் கையொப்பம் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். பெப்ரவரி 25ஆம் திகதிய கடிதம், ‘தேவை நிறைவேற்றப்பட்டபடியால்’ எஞ்சிய இரண்டும் அழிக்கப்படும் என்கிறது.

13. ஆகவே ஐயா, நான் கேட்பது இதுதான். அழிக்கும் உத்தரவைத் தாங்கள் உடனே நிறுத்த வேண்டும். எஞ்சிய இரண்டையும் நான் போட்டுப் பார்க்க அனுமதிக்க வேண்டும். உட்கார்ந்துகொண்டு பார்த்தால் போதாது. படுத்தால் முகத்தின் தசை மாறும், ஒழுக்கு அப்போதுதான் தெரியும். இயந்திரத்தை நானே தூக்கிவருவேன். கிளையில் நீட்டிப் படுக்க ஒரு மர வாங்கும் அரை மணித்தியால மின்சாரமும் போதும். பொருந்துவதை என்னிடம் தந்துவிடுங்கள். பொருந்தாத மாஸ்க்குகளை, இந்நோயோடு மாஸ்க் இன்றிக் காத்திருக்கும் வேறு நோயாளருக்குக் கொடுக்க வைத்தியர் ஒப்புக்கொண்டுள்ளார். அவர்களுடைய பெயர்கள் எனக்குத் தெரியாது. இம்முறையும் நான் மறைப்பதாக எழுதிவிட வேண்டாம்.

14. வைத்தியரின் புதிய கடிதமும் பரிசோதனை அறிக்கையும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. இரண்டின் பின்பக்கங்களும் வெறுமையாக உள்ளன.

15. தங்கள் பதில் வராவிட்டால், மார்ச் 14ஆம் திகதி காலை எட்டரை மணிக்கு நான் கண்டிக் கிளைக்கு வந்து, பொறுப்பதிகாரியின் அறைக்கு முன்னால் உள்ள வாங்கில் உட்காருவேன். கூச்சலிட மாட்டேன். பதாகை பிடிக்க மாட்டேன். எனது நோயின் இயல்புப்படி, ஒன்பது மணிக்கு முன்னரே உறங்கிவிடுவேன். அன்றைய தினம் அலுவலர் ஒருவரை என் அருகில் நிறுத்திவைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். மூச்சு நின்றால் அவர் என் தோளில் தட்டினால் போதும். அதற்குப் படிவம் எதுவும் தேவையில்லை.

இங்ஙனம்,
பதிலை எதிர்பார்த்து விழித்திருக்கும்,

(ஒப்பம்) க. யோகேந்திரன்

இடம்: கெலிஓயா
திகதி: 2008 மார்ச் 03